கணக்கில் வந்த தலைவலி

1662-ல் லண்டனில் ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி ஒரு புத்தகம் போட்டார். அந்த ஊரில் வாராவாரம் வெளிவந்த சாவுப் பட்டியல்களைச் சேர்த்துவைத்து, யார் யார் எதனால் இறந்தார்கள் என்று கூட்டிப் பார்த்த புத்தகம் அது. உள்ளே ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. ஜனங்கள் பேரைக் கேட்டாலே பயப்படும் சில நோய்களை எடுத்துக்கொண்டு, 20 வருடத்தில் ஒவ்வொன்றாலும் எத்தனை பேர் போனார்கள் என்று எழுதியிருக்கிறார். மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்து அவரவர் பயத்தைத் தணித்துக்கொள்ளட்டும் என்பது நோக்கம். மொத்தச் சாவு 2,29,250. மஞ்சள் காமாலையால் 998. கவுட் வாதத்தால் 134. தொழுநோயால் 6. தலைவலியால் 51.

மெடிக்கல் கோடிங் தொழிலில் இருப்பவள் நான். அந்த 51-ஐத் தாண்டி என்னால் சுலபமாகப் போக முடிவதில்லை. தலைவலி யாரையும் கொல்லாது. கொன்றிருந்தால் அதற்குப் பின்னால் வேறொன்று இருந்திருக்கும்: மூளையில் ரத்தக்கசிவு, கட்டி, மூளைக்காய்ச்சல். அந்த 51 பேரும் கடைசியாக வாய்விட்டுச் சொன்ன வேதனை மட்டும் பதிவில் ஏறியது, அவர்களைக் கொண்டுபோனது ஏறவில்லை. எங்கள் தொழிலின் முதல் பாடமும் அதுவே. அறிகுறி வேறு, நோய் வேறு.

வெளியில் இருப்பவர்களுக்காகத் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒருவர் தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டாக்டர் பார்க்கிறார், குறிப்பு எழுதுகிறார். அந்தச் சார்ட் சென்னையில் பெருங்குடியிலோ ஓஎம்ஆரில் வேறெங்கோ இருக்கும் எங்கள் திரைக்கு வந்து சேர்கிறது. முழுக்கப் படித்து, டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய குறியீட்டைப் போடுகிறோம். அந்தக் குறியீடு க்ளைமில் ஏறி இன்சூரன்ஸுக்குப் போகும். அதை வைத்துத்தான் பணம் வருவதும், டினையல் ஆகித் திரும்புவதும். பிற்பாடு அதே குறியீடு அரசாங்கப் புள்ளிவிவரத்திலும் ஆராய்ச்சியிலும் அந்த நோயாளியின் வாழ்நாள் பதிவிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். சென்னையில் இந்த வேலையை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. விலங்கியலும் நுண்ணுயிரியலும் பிசியோதெரபியும் படித்துவிட்டு விழுப்புரம், சேலம், திருச்சி பக்கமிருந்து பஸ் ஏறி வந்த பிள்ளைகள்தான் பெரும்பாலும். நானும் அப்படி வந்தவள்தான்.

கிரான்டின் காலத்தில் சாவுக்குக் காரணம் எழுதியவர்கள் டாக்டர்கள் இல்லை. ஒவ்வொரு பேட்டையிலும் அதற்கென்று வயதான பெண்களை வைத்திருந்தார்கள். சாவு விழுந்த வீட்டுக்குப் போய்ப் பிணத்தைப் பார்த்து, வீட்டாரைக் கேட்டு, காரணம் சொல்ல வேண்டும். குடிக்கக் கொஞ்சம் மதுவும் கையில் கொஞ்சம் காசும் கிடைத்தால், குடும்பத்துக்கு வெட்கமான நோயை மறைத்துக் காசநோய் என்று சொல்லிவிடுவார்களோ என்று கிரான்டே சந்தேகப்பட்டு எழுதியிருக்கிறார். பதிவு பொய்யானால் கூட்டலும் பொய்யாகும் என்று அந்தத் துணி வியாபாரிக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. கோடிங்கில் இன்று ஆடிட் என்று நாங்கள் செய்வதற்கு ஒரு முன்னோரைக் காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

பத்து வருடம் கழித்து, 1672-ல், அதே தேசத்தில் தாமஸ் வில்லிஸ் என்ற டாக்டர் தலைவலி பற்றி எழுதினார். மூளையின் அடியிலுள்ள ரத்தக்குழாய் வளையத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். பெயர் சொல்லாமல் ஒரு சீமாட்டியின் கதையை அதில் விவரிக்கிறார். அவர் ஆன் கான்வே, பின்னாளில் தத்துவ நூல் ஒன்றுக்காக அறியப்பட்டவர். 12 வயதில் ஒரு காய்ச்சல், அதிலிருந்து தலைவலி. வில்லிஸ் எழுதும்போது 20 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சில சமயம் ஒரு பக்கம், சில சமயம் மறு பக்கம், சில சமயம் தலை முழுக்க. வலி வந்துவிட்டால் வெளிச்சம் ஆகாது, பேச்சும் சத்தமும் ஆகாது, அசைந்தாலே தாங்காது. அறையை இருட்டாக்கிவிட்டுப் படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், தூக்கமும் சாப்பாடும் இல்லாமல். ரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹார்வியும் அவருக்கு வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவர். பாதரசம் கொடுத்தார்கள். மண்டையோட்டில் துளை போட்டுக்கொள்ள 1656-ல் பிரான்சுக்கே போனார். அங்கிருந்த ரண வைத்தியர்கள் துணியாமல் ரத்தக்குழாயை மட்டும் கீறி அனுப்பினார்கள். எதுவும் கேட்கவில்லை. 1679-ல் 47 வயதில் காலமானார்.

வில்லிஸின் அந்தக் குறிப்பை நான் ஒரு கோடராகத்தான் படித்தேன். எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், எது கூட்டும், கூட என்னென்ன வரும், என்னென்ன மருந்து கொடுத்தும் பலிக்கவில்லை, எல்லாம் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்த இன்றைய சார்ட்டுகளில் பாதியில் இவ்வளவு இருக்காது. கிரான்டிடம் 51 பேருக்கு எண்ணிக்கை இருந்தது, ஆட்கள் இல்லை. வில்லிஸிடம் ஒரு ஆள் முழுசாக இருந்தார். இரண்டையும் ஒரே பதிவில் கொண்டுவர இன்னும் 300 வருடத்துக்கு மேல் பிடித்தது.

நடுவிலுள்ள பெரிய மனிதர்களை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் தலைவலி அவர்கள் கண்ணில் படவில்லை. இங்கிலாந்தின் பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்த வில்லியம் ஃபார், ஒரே நோய்க்கு நாலு பெயரும் நாலு நோய்க்கு ஒரே பெயரும் இருந்தால் கணக்கு எடுக்கவே முடியாது என்று போராடினார். நோய்களை உடலின் இடம் பார்த்து அடுக்குவது அவர் வகுத்த வழி. 1860-ல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டுக்கு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் ஒரு யோசனை அனுப்பினார்: எல்லா ஆஸ்பத்திரியும் ஒரே படிவத்தில் நோயாளிக் கணக்கு வைக்க வேண்டும். 1893-ல் சிகாகோவில், பாரிஸ் நகரப் புள்ளிவிவர அதிகாரி ஜாக் பெர்தில்லான் சாவுக் காரணங்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்தார். விரிவானதில் 161 தலைப்பு, சுருக்கமானதில் 44. இன்று நாங்கள் ஐசிடி என்று சொல்லும் சர்வதேச நோய் வகைப்பாட்டுக்கு அதுதான் வேர். (குற்றவாளிகளின் உடல் அளவுகளை எடுத்து ஆள் அடையாளம் காணும் முறையைப் போலீசுக்குக் கொடுத்த அல்ஃபோன்ஸ் பெர்தில்லான் இவருடைய அண்ணன்தம்பிகளில் ஒருவர். வகைப்படுத்துவது அந்த வீட்டு ரத்தத்திலேயே இருந்திருக்கிறது.)

இவையெல்லாம் செத்தவர்களுக்கான பட்டியல்கள். சாகடிக்காமல் வருடக்கணக்கில் படுத்தும் நோய்க்கு அவற்றில் என்ன வேலை? 1948-ல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்று ஆறாவது பதிப்பைக் கொண்டுவந்தபோதுதான் உயிரோடு இருக்கும் நோயாளியின் நோய்க்கும் பட்டியலில் முறையாக இடம் வந்தது. அதுவரை மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் உலகக் கணக்கில் இல்லாதவர்கள். சித்த மருத்துவத்தில் நோய்கள் 4,448 என்று மரபாகச் சொல்வோம். நோய்க்கு எண் கொடுக்க மனிதன் வெகுகாலமாகவே ஆசைப்பட்டிருக்கிறான். ஆனால் அந்த நோய் இன்ன தேதியில் இன்னாருக்கு இருந்தது என்று பதிந்துவைப்பது தனி வேலை, பொறுமையான வேலை.

இடம் கிடைத்தாலும் பெயரில் தெளிவு வரவில்லை. 1962-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் சார்பில் ஒரு குழு, ஆர்னால்ட் ஃப்ரீட்மேன் தலைமையில், தலைவலியை 15 வகையாகப் பிரித்தது. நல்ல முயற்சி. ஆனால் வகைகளை விவரித்தபோது ‘பெரும்பாலும்’, ‘வழக்கமாக’, ‘அடிக்கடி’ என்ற பாணியிலேயே எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் வலிக்கும், வழக்கமாகக் குமட்டும். இரண்டு டாக்டர்கள் ஒரே நோயாளியைப் பார்த்து இரண்டு பெயர் எழுத இதைவிட வசதி வேண்டுமா? கோபன்ஹேகனைச் சேர்ந்த யெஸ் ஓலேசன் தலைமையில் சர்வதேசத் தலைவலிச் சங்கம் 1988-ல் வெளியிட்ட வகைப்பாடு அந்தச் சொற்களைத் தூக்கிவிட்டு எண்களைப் போட்டது. ஆரா என்ற முன்னறிகுறி இல்லாத மைக்ரேன் என்றால் குறைந்தது ஐந்து தடவை வந்திருக்க வேண்டும். மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்க வேண்டும். ஒரு பக்கம், துடிப்பு, வேலையைக் கெடுக்கும் கடுமை, படியேறினால் கூடுவது, இந்த நான்கில் குறைந்தது இரண்டு வேண்டும். கூடவே குமட்டலோ வாந்தியோ, இல்லாவிட்டால் வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து ஆகாமலிருப்பதோ வேண்டும். இருட்டறையில் அசையாமல் உட்கார்ந்திருந்த ஆன் கான்வேயை நினைத்துப் பாருங்கள். வில்லிஸ் கண்ணால் பார்த்து எழுதியவைதான் 316 வருடம் கழித்து நிபந்தனைகளாக வந்து நிற்கின்றன. அடுத்த சில வருடங்களில் வந்த டிரிப்டான் மாத்திரைகளின் சோதனைகளுக்கு ஆள் பொறுக்கியது இந்த நிபந்தனைகளை வைத்துத்தான். யாருக்கு மைக்ரேன் என்றே ஒத்துக்கொள்ளாத உலகத்தில் மைக்ரேன் மருந்தை எப்படிச் சோதிப்பது?

டாக்டர்களின் புத்தகம் மாறியும் கோடர்களின் புத்தகம் மாறவில்லை. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அமெரிக்காவில் அந்த நாட்டு வடிவமான ஐசிடி-9-சிஎம் 1979-லிருந்து நடப்பில் இருந்தது. அதில் மைக்ரேனுக்கு 346. பக்கத்து எண் 345 வலிப்பு நோய்க்கு. 346-க்குள் ‘க்ளாசிக்கல்’, ‘காமன்’ என்ற 1962-ஆம் வருடத்துப் பிரிவுகள். க்ளஸ்டர் தலைவலியை 1962 குழு மைக்ரேனின் கிளையாக வைத்தது, கோடு புத்தகமும் அதை 346.2-ல் மைக்ரேனின் திரிபாக வைத்துக்கொண்டது. ஒரே கண்ணைச் சுற்றிக் குத்தி, அந்தக் கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டி, ஆளை உட்கார விடாமல் நடக்கவைக்கும் வலி அது. மைக்ரேன்காரர் அசையாமல் படுத்திருப்பார், இவர் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பார். இரண்டும் வேறு என்று 1988-லேயே தனித்தனியாகப் பிரித்தாயிற்று. கோடு பிரிந்தது 2008 அக்டோபர் 1-ல், 339 என்ற புதிய தொகுப்பு வந்தபோது. அந்த 20 வருடத்துக் க்ளஸ்டர் நோயாளிகளைப் பழைய அமெரிக்க க்ளைம்களிலிருந்து தனியாகப் பிரித்தெடுக்கப் போகிறவர்களுக்கு 346.2-ல் கலங்கலான கணக்குதான் கிடைக்கும்.

இதைவிடக் கசப்பானது 307.81. இறுக்கத் தலைவலிக்கு ஐசிடி-9-சிஎம் கொடுத்த எண் அதுதான். அந்த எண் இருந்த அத்தியாயம் மனநோய். டாக்டர் டென்ஷன் ஹெட்ஏக் என்று எழுதினால் கோடர் அகரவரிசையில் தேடி அங்கேதான் போய் நிற்க வேண்டும், வேறு வழியில்லை. அன்றைக்கு அமெரிக்க இன்சூரன்ஸ் திட்டங்கள் பல, மனநல சிகிச்சைக்கு வருடத்துக்கு இத்தனை தடவைதான் என்று தனி வரம்பு வைத்திருந்தன. கழுத்தும் நெற்றியும் இறுகி வலிக்கிறது என்று வந்தவருடைய பதிவில் மனநோய் அத்தியாயத்து எண் ஏறியது. 2008-ல் 339 வந்தபோதும் அந்த எண் போகவில்லை. டாக்டர் ‘டென்ஷன் டைப்’ என்று எழுதினால் நரம்பு அத்தியாயத்தில் 339.10, ‘டைப்’ இல்லாமல் எழுதினால் பழைய 307.81. குறிப்பில் ஒரு சொல் விட்டுப்போனால் நோயாளி அத்தியாயம் மாறிவிடுவார். மனநல சிகிச்சைக்கு உடல் நோய்க்குச் சமமான இன்சூரன்ஸ் தர வேண்டும் என்ற சட்டத்தில் கையெழுத்தானதும் அதே வாரம்தான், 2008 அக்டோபர் 3.

என் அம்மாவுக்கு வருடக்கணக்காகத் தலைவலி. மாதத்தில் பாதி நாள் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு சமைப்பார். ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். ‘ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் டென்ஷன். பசங்களைப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க’ என்றார்கள். சீட்டில் மாத்திரைப் பெயர் மட்டும் இருந்தது. எத்தனை நாளாக, எந்தப் பக்கம், வாந்தி உண்டா, என்ன நோய் என்று ஒரு வரி இல்லை. அடுத்த தடவை வேறு டாக்டர், மறுபடியும் முதலிலிருந்து. அம்மாவின் தலைவலி எந்தக் காகிதத்திலும் இல்லை. மனசில்தான் வலி என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பெண்கள் எவ்வளவு பேர் இருப்பார்கள் என்று 307.81 என்ற எண்ணைப் போடும்போதெல்லாம் நினைத்திருக்கிறேன். மைக்ரேன் ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம்.

அந்த எண் செத்தது 2015 அக்டோபர் 1-ல். ஐசிடி-10-சிஎம் அமலுக்கு வந்த நாள். உலக சுகாதார சபை ஐசிடி-10-ஐ ஏற்றது 1990 மே மாதம். அமெரிக்கா அங்கே வந்துசேர 25 வருடம் எடுத்துக்கொண்டது. 2013 என்றார்கள், 2014 என்றார்கள், இரண்டு தடவை தள்ளிப்போட்டு மூன்றாவதாக வந்தது. சென்னையில் நாங்கள் ஒவ்வொரு தடவையும் படித்து, மறந்து, மறுபடி படித்தோம். சுமார் 14,000 குறியீடுகள் இருந்த இடத்தில் 69,000 அளவுக்கு வந்தன. பழைய புத்தகத்தின் எண்கள் விரல் நுனியில் இருந்த சீனியர்கள் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து உடற்கூறியல் படித்தார்கள். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபரில் தொடங்குவதால் கோடு மாற்றங்கள் பெரும்பாலும் அந்த மாதத்தின் முதல் தேதியில் வரும். நமக்கு ஆயுத பூஜையும் அதை ஒட்டியே வரும். புதுப் புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை சாப்பிட்டுவிட்டு, மறுநாள் அதைப் பிரித்து உட்காருவது எங்கள் பக்கத்தில் பழக்கமாகிவிட்டது.

புதுப் புத்தகத்தில் மைக்ரேன் ஜி43, மற்றத் தலைவலி நோய்கள் ஜி44. இறுக்கத் தலைவலி ‘டைப்’ என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஜி44.2-க்குள்தான், நரம்பு அத்தியாயத்தில்தான். காரணம் தெரியாத வெறும் தலைவலி மட்டும் அறிகுறிகளின் அத்தியாயத்தில் ஆர்51. வலிப்பு ஜி40. பழைய பக்கத்து வீட்டுக்காரர் இங்கேயும் அதே தெருவில்.

எப்படி வேலை செய்கிறது என்று ஒரு சார்ட்டை வைத்துக் காட்டுகிறேன். பயிற்சிக்காக நாங்களே எழுதிவைத்தது, யாருடையதும் இல்லை. 36 வயதுப் பெண், எமர்ஜென்சி. நான்கு நாளாகத் தலைவலி. வாந்தி இரண்டு தடவை, வெளிச்சம் ஆகவில்லை. வீட்டில் போட்ட மாத்திரை கேட்கவில்லை. முடிவில் டாக்டர் எழுதியிருப்பது: ஆரா இல்லாத மைக்ரேன், ரிஃப்ராக்டரி. புதிதாக வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஜி43.909 போடுவார்கள், அதாவது வகை சொல்லப்படாத மைக்ரேன். கை அங்கேதான் போகும், தப்பித்துக்கொள்ள வசதியான எண். ஆனால் டாக்டர் வகையைச் சொல்லியிருக்கிறாரே. ஆரா இல்லை என்றால் ஜி43.0. ரிஃப்ராக்டரி என்று எழுதினால், மருந்துக்குக் கட்டுப்படாதது என்ற பிரிவுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஜி43-ன் தலைப்பிலேயே குறிப்பு இருக்கிறது. ‘பூர்லி கன்ட்ரோல்டு’ என்று எழுதியிருந்தாலும் அதே கணக்கு. ஆக அடுத்த எழுத்து 1. கடைசி எழுத்துக்கு வரும்போது வகுப்பில் எப்போதும் ஒரு கை உயரும்.

“அக்கா, நாலு நாள்னா 96 மணி நேரம். 72-ஐத் தாண்டிடுச்சு. அப்போ ஸ்டேட்டஸ் மைக்ரேனோசஸ்தானே? 011 போடலாமா?”

“டாக்டர் அப்படி எழுதியிருக்காராம்மா?”

“எழுதல. ஆனா கணக்குப் போட்டா வருதே.”

“கணக்குப் போடறது அவர் வேலை. நீ குவெரி அனுப்பு.”

அந்தப் பெண் கேட்டதில் மருத்துவம் சரி, தொழில் தப்பு. நோயை நிர்ணயிக்கும் உரிமை கோடருக்கு இல்லை. எழுதியது வரைக்கும்தான் நம் எல்லை. இப்போதைக்கு ஜி43.019. கூட வந்த வாந்திக்கும் வெளிச்சம் ஆகாததற்கும் தனிக் குறியீடு கிடையாது, மைக்ரேனோடு சேர்ந்தே வருபவை அவை. குவெரியிலும் ஒரு மரியாதை உண்டு. ‘இது ஸ்டேட்டஸ்தானே டாக்டர்?’ என்று வாயில் வார்த்தையை ஊட்டக் கூடாது. வலி நான்கு நாள் நீடித்ததாகக் குறிப்பில் இருக்கிறது என்று காட்டி, இன்னின்ன வாய்ப்புகளில் எது, அல்லது வேறு ஏதாவதா, அல்லது முடிவு செய்ய இயலவில்லையா என்று கேட்க வேண்டும். அவர் எழுதித் தந்தால் 011. தராவிட்டால் 019-தான்.

இன்னொரு சார்ட், இன்னும் முக்கியமானது. ‘வாழ்நாளில் இதுபோல் வந்ததில்லை’ என்று தலையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வருகிறார். மூளை உறைக்கடியில் ரத்தக்கசிவோ என்று டாக்டர் சந்தேகப்பட்டு எழுதுகிறார். சிடி எடுக்கிறார்கள், முதுகுத் தண்டுவட நீர் எடுத்துப் பார்க்கிறார்கள், ஒன்றுமில்லை, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சந்தேகத்தைப் பார்த்து ஐ60.9 போட்டுவிட்டால் அந்த மனிதருக்கு மூளையில் ரத்தம் கசிந்ததாகப் பதிவு நின்றுவிடும். நாளைக்கு அவர் ஆயுள் காப்பீடு எடுக்கப் போனால் அது வந்து நிற்கும். புறநோயாளிக்கு ‘சந்தேகம்’, ‘இருக்கலாம்’ என்பதைக் கோடு செய்யக் கூடாது, உறுதியாகத் தெரிந்த அறிகுறியைத்தான் போட வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டி விதி இருக்கிறது. அதன்படி ஆர்51.9. (படுக்கையில் சேர்த்துப் பார்த்தவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது அப்படி எழுதியிருந்தால் விதி வேறு, நோய் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும்.) 1662-ல் அறிகுறியை நோயாக எழுதினார்கள். இந்த விதி இல்லாவிட்டால் நாம் சந்தேகத்தை நோயாக எழுதுவோம்.

பணம் இதில் எப்படி நுழைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1983 அக்டோபரிலிருந்து அமெரிக்க மெடிக்கேர், உள்நோயாளிக்கு எத்தனை நாள் படுத்தார் என்று பார்க்காமல் என்ன நோய் என்று பார்த்து ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து குறியீட்டுக்கு விலை வந்துவிட்டது. விலை வந்தால் கூட்டி எழுதும் ஆசையும் வரும். அந்த நெருக்கடி பல இடங்களில் உண்டு என்று இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். கூட்டியும் போடக் கூடாது, குறைத்தும் போடக் கூடாது. சோம்பலில் ஜி43.909 போடுவது பொய் இல்லைதான், ஆனாலும் எழுதியிருக்கும் உண்மையை வீணாக்குவது. அதையும் நான் சிறிய குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

ஏன் என்றால், எழுத்தில் வந்த பிறகுதான் இந்த நோய் உலகத்தின் கண்ணில் பட்டது. 2001-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையில், மனிதர்களை முடக்கிவைக்கும் காரணங்களின் வரிசையில் மைக்ரேன் 19-ஆவது. 2016-க்கான உலக நோய்ச்சுமைக் கணக்கில் இரண்டாவது. இடையில் எல்லோருக்கும் வலி கூடிவிடவில்லை. அளவிடும் முறையும் கணக்கில் சேர்ந்த தேசங்களும் மாறின. 2019 ஆகஸ்டில் அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகம், தலைவலி நோய்களால் வேலை செய்ய முடியாதவர்களின் விண்ணப்பத்தை எப்படிப் பார்ப்பது என்று தனி உத்தரவு போட்டது. தலைவலிக்கென்று அவர்கள் பட்டியலில் நேரடி இடம் இல்லை. அதனால் மிக நெருக்கமானதாக வலிப்பு நோயை வைத்து ஒப்பிடச் சொன்னார்கள். எங்கள் கோடு புத்தகத்தின் அதே பக்கத்து வீட்டுக்காரர்! நோயாளி வலிக்கிறது என்று சொல்வது மட்டும் போதாது, டாக்டர் விவரமாக எழுதிவைத்த பதிவு வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நல்ல சார்ட் இருந்தவருக்கு ஜீவனம், இல்லாதவருக்கு இல்லை.

புத்தகம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2020 அக்டோபரில் ஆர்51 இரண்டாகப் பிரிந்தது. எழுந்து நின்றால் வரும் தலைவலிக்கு ஆர்51.0, மற்றதற்கு ஆர்51.9. ஆராவோடு வரும் நாள்பட்ட மைக்ரேனுக்கு 2023 அக்டோபர் வரை சொந்தக் குறியீடே கிடையாது. நாள்பட்டது என்றால் ஆரா இல்லாத ஜி43.7, ஆரா என்றால் ஜி43.1, இரண்டும் சேர்ந்தவருக்குப் பொருந்தும் வீடு இல்லை. இப்போது ஜி43.இ. 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த ஐசிடி-11-ல் மைக்ரேன் 8ஏ80. தலைவலிப் பகுதி 1988-ல் தொடங்கிய வகைப்பாட்டைப் பெரிதும் ஒட்டியே எழுதப்பட்டிருக்கிறது. டாக்டர் புத்தகமும் கோடர் புத்தகமும் இவ்வளவு நெருங்கி வந்தது இதுதான் முதல் தடவை. அமெரிக்கா எப்போது அங்கே போகும் என்று எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இப்போதே பேச்சு நடக்கிறது.

ஒரு குறை மட்டும் பாக்கி. மாதத்துக்கு எத்தனை நாள் வலி என்பது எந்தக் குறியீட்டிலும் இல்லை. நாள்பட்ட மைக்ரேன் என்றால் மாதத்தில் 15 நாளாவது தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் குணத்தோடு, இப்படி மூன்று மாதத்துக்கு மேல். 2010-ல் இதற்கு அனுமதி பெற்ற போடாக்ஸ் ஊசிக்கு இன்சூரன்ஸிடம் முன் அனுமதி கேட்கும்போது அவர்கள் தேடிப் பார்ப்பதும் அந்த நாள் கணக்கைத்தான். ஜி43.709 அதைச் சொல்லாது, சார்ட்டில் டாக்டர் எழுதியிருந்தால்தான் உண்டு. ‘நாள்பட்ட மைக்ரேன், ஊசிக்கு ஏற்பாடு’ என்று மட்டும் இருக்கும் சார்ட் வந்தால், கோடு சரியாக இருக்கிறது என்று அடுத்ததுக்குப் போய்விடாமல், நாள் எண்ணிக்கை எங்கேயாவது இருக்கிறதா என்று பழைய விசிட்டுகள் வரை புரட்டும்படி என் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்கிறேன். இல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரியப்படுத்த டீம் லீடிடம் எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். டினையல் ஆகி, அப்பீல் போய், அந்த ஊசி மூன்று மாதம் தள்ளிப்போவதற்குள் அந்த ஒரு எண்ணைக் கேட்டு வாங்கிவிடலாம்.